மேற்கரையில் வைத்த குவியல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜோடி பூட்ஸிலிருந்து கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் எடுத்தேன், அதுவும் கேட்காமல். அக்கா கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார்ந்து, பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றாள். நான் தலையாட்டினேன். எழுதுகிறவனிடம் அப்படிச் சொல்வது பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற கதை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தம்பி ஆயிற்றே.

அக்கா கட்டட வேலைகளில் பொறியாளர். தூணும் சுவரும் மற்றவர்களுடையவை, மண்தான் அவளுடையது. வெட்டித் திறந்த நிலத்திலிருந்து மழையில் ஓடும் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும், பிடித்ததை ஒழுங்காக அப்புறப்படுத்துவதும் அவள் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள் என்பதே அந்தக் குழாயடியில்தான் எனக்குச் சரியாக உறைத்தது. அதுவரை யாராவது கேட்டால், "அக்கா கட்டடம் கட்டறா" என்பேன்.

நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்தபோது அவள் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"என்ன வேணும்னாலும் எழுதிக்கோ. குவியலை எங்க வச்சோம்னு மட்டும் எழுதாத."

தலைப்பை நீங்கள் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று பல நாள் முட்டி மோதினேன்.

முதல் தொடக்கம்: "பூமியின் காயத்திலிருந்து செந்நீர் வழிந்துகொண்டிருந்தது."

அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவள் நெற்றியைச் சுருக்கி, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்றாள். சைட்டில் யாருக்காவது அடிபட்டால் அதற்கு வேறு படிவமாம்.

இரண்டாம் தொடக்கம்: "மண் என்பது காலத்தின்—"

காலத்தின் என்ன என்று நான்கு நாள் யோசித்தேன். காலத்தின் ஒன்றுமில்லை.

மூன்றாம் தொடக்கம்: "குட்டையின் நடுவில் ஒரு கம்பு நின்றது, அதில் ஒரு சிவப்புக் கோடு." இது பரவாயில்லை. குட்டையும் இருந்தது, கம்பும் இருந்தது, கோடும் சிவப்பாகத்தான் இருந்தது. இங்கிருந்தே போவோம்.

சரிவான நிலத்தில் வேலை நடக்கும்போது தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டுவார்கள். மழையில் கிளம்பும் கலங்கல் நீர் அதற்குள் வந்து நிதானிக்கும். மண் அடியில் தங்கிவிடும், தெளிந்த நீர் மட்டும் மறுபக்கம் வழியும். அடியில் தங்கும் வண்டல் ஏறி ஏறிக் கம்பின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் குட்டை பாதி நிறைந்துவிட்டது என்று பொருள். உடனே தூர்வார வேண்டும்.

இதுவரை எனக்குப் பிடித்திருந்தது. தெளிவு, கலங்கல், நடுவில் ஒரு கோடு. தத்துவம் எழுதக் கை பரபரத்தது. அக்கா அங்கேயே தடுத்தாள்.

"புடிக்கிறது பாதி வேலைடா. புடிச்சதை என்ன பண்றதுங்கறதுதான் மீதி. அந்தப் பாதியைப் பாக்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

வாரிய வண்டல் பசை மாதிரி இருக்குமாம். அப்படியே லாரியில் ஏற்றினால் தெருவெல்லாம் ஒழுகும். ஓடையில் தள்ளக் கூடாது. குட்டைக்குப் பக்கத்தில், அதுவும் உயரமான மேற்கரையில், குவிக்கவே கூடாது. தள்ளி ஒரு சமதளத்தில், சுற்றிலும் வரப்புக் கட்டி, பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். மழை வருகிற மாதிரி இருந்தால் தார்ப்பாய் மூட வேண்டும். காய்ந்து இறுகிய பிறகுதான் அதைப் பள்ளம் நிரப்பவோ மேலே புல் விதைக்கவோ எடுக்கலாம். இதற்கென்று புதன்கிழமைதோறும் ஒரு தாள், அதில் நான்கு கட்டம்: கோட்டைத் தொட்டதா, வாரியாயிற்றா, காயும் இடத்துக்கு மாற்றியாயிற்றா, மூடியாயிற்றா. நான்கிலும் டிக் போட்டு அக்கா கையெழுத்திட வேண்டும்.

* இந்தப் பத்தியில் கொட்டாவி விட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். அக்கா சாப்பிடும்போது இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் நானும் விட்டிருக்கிறேன். சில முறை வாயை மூடாமலே விட்டிருக்கிறேன்.

3

மண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கதை ஓட்ட முடியாது, ஆள் வேண்டும். நல்லவேளையாக மீன்காரர் இருந்தார்.

குட்டையிலிருந்து வழியும் நீர் ஓர் ஓடையில் சேர்கிறது. ஓடையோரம் கொஞ்சம் கீழே தள்ளி, மூன்று தொட்டிகளில் ஒருவர் மீன்குஞ்சு வளர்க்கிறார். ஒவ்வொன்றும் நகத்துணுக்கு அளவு. ஓடைத் தண்ணீர்தான் குழாய் வழியே தொட்டிக்குப் போகிறது. கலங்கல் உள்ளே போனால் செவுளில் மண் அடைத்துக் குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

முதல் வரைவில் அவரை ஒரு மௌனியாக, கண்களில் தீராத ஈரம் உள்ளவராக எழுதினேன். உண்மையில் அவர் ஒரு நச்சரிப்பு. தினமும் காலை ஏழு மணிக்கு அக்காவின் போனுக்கு ஒரு படம் வரும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஓடைத் தண்ணீர், டம்ளருக்குப் பின்னால் அன்றைய பேப்பர். எழுத்து தெரிந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். தெரியாவிட்டால் எட்டு மணிக்கு ஆளே நேரில் வந்து நிற்பார்.

"தலைப்புச் செய்தி தெரியுது மேடம். பொடி எழுத்துதான் கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று ஒரு நாள் செய்தி வந்தது.

"உங்க மூக்குக்கண்ணாடியைத் துடைங்கண்ணே" என்று அக்கா பதில் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து, "துடைச்சேன். இப்ப தெரியுது" என்று வந்தது.

அக்காவுக்கு அவரைப் பிடிக்கும் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். ஒருத்தரும் பார்க்க வராத அந்தப் பாதி வேலையைத் தினமும் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

4

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை வண்டல் கோட்டைத் தொட்டது. பொக்லைன்காரர் இயந்திரத்தை இறக்கி வாரினார். காயவைக்கும் இடத்தில் யாரோ குழாய்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்யும்வரை, ஒரே ஒரு நாளைக்கு என்று, வண்டலைக் [இங்கே இருந்த இரண்டு சொற்களை அக்காவுக்காக எடுத்துவிட்டேன்] குவித்தார்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு இடம் காலியானது. குவியலை மாற்றி முடிக்க ஆறு மணி ஆகும். அக்கா நின்று பார்க்காமல் அந்த வேலை நடக்கக் கூடாது. ஆனால் நான்கு மணிக்கே அவள் நான்கு கட்டத்திலும் டிக் போட்டு, கையெழுத்திட்டு, மீதியைக் காலையில் முதல் வேலையாக முடிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வானம் அப்போது வெளுத்துத்தான் கிடந்தது.

ஐந்தரைக்கு மழை பிடித்தது. குவியல் கரைந்து, வந்த வழியே குட்டைக்குள் இறங்கியது. பழைய குருடி கதவைத் திறடி. குட்டை மண்ணால் நிறைந்துவிட, மழைநீருக்குத் தெளிய இடமில்லை. கலங்கியபடியே கரை வழிந்து ஓடைக்குப் போனது.

மறுநாள் காலை ஏழு மணிப் படத்தில் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. பின்னால் பேப்பர் இருந்ததா என்றே தெரியவில்லை. இரண்டாவதாக இன்னொரு படம் வந்தது. அதில் தொட்டியின் மேல்மட்டம் முழுக்கக் குஞ்சுகள் வெள்ளையாக மிதந்தன. மூன்று தொட்டிகளில் இரண்டு போய்விட்டன.

மேலாளர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஓடையோரமா நமக்கு மேல இன்னொரு சைட் இருக்குல்ல? யார் மண்ணுன்னு மண்ணு வாயைத் திறந்து சொல்லுமா? உங்க தாள்ல நாலு டிக்கும் இருக்கு. விடுங்க."

மீன்காரர் வந்தார். கத்தவில்லை. "மேடம், உங்க பக்கம் சரியா இருந்துச்சா? நீங்க சொன்னா போதும். நான் மேல போய்க் கேக்கறேன்."

அக்கா தாளை மட்டும் எடுத்துக் காட்டினாள். அவர் நான்கு டிக்கையும் பார்த்தார், நன்றி சொன்னார், நேராக மேல் சைட்டுக்குப் போய்ச் சண்டை போட்டார். இரண்டு நாளில், மேல் சைட்டில் மண்ணுக்குப் பொறுப்பாக இருப்பவரை மாதக் கடைசியில் வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அவர் செய்த ஒரே குற்றம், ஓடைக்கு மேலே வேலை பார்த்தது.

இதைத்தான் அக்கா குழாயடியில் சொன்னாள். சொல்லும்போது பூட்ஸ் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது. அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

* அந்த இரண்டு சொற்கள்: எடுத்தேனே தவிர, தூக்கி எறிய மனசு வரவில்லை. பக்கத்தின் மேல் ஓரத்தில், அடைப்புக்குறிக்குள், பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். அடுத்த முறை திருத்தும்போது அவை எப்படியோ உள்ளே இறங்கிவிட்டன. மறுபடி எடுத்து மறுபடி மேலேயே வைத்தேன். ஐந்தாவது முறை அதில் ஒன்று தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்த ஒப்புமையை நான் யோசித்து வைத்ததாக நினைத்துப் பாராட்ட வேண்டாம். அக்காதான் கண்டுபிடித்தாள். "நீயும் என்னை மாதிரியே குவிச்சு வச்சிருக்க. உனக்காவது தார்ப்பாய் இருக்கா?" என்று கேட்டாள்.

5

இப்போது என் தொழில் சிக்கலைக் கேளுங்கள். பாத்திரம் நம்பும்படி இல்லை. துணி காயப்போட்டால்கூட வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளிப் போடுகிறவள், செய்யாத வேலைக்கு ஏன் டிக் போட்டாள்? வாசகர் கேட்பார். காரணம் வேண்டும்.

காரணம் ஒன்று: மேலாளர் மிரட்டினார். எழுதிப் பார்த்தேன். ஆனால் அன்று மேலாளர் சைட்டிலேயே இல்லை.

காரணம் இரண்டு: பொக்லைன்காரர் வீட்டுக்குப் போக அவசரப்படுத்தினார். இதை மனமுவந்து எழுதினேன். அவருக்கு ஒரு தடித்த மீசையும், அதன் கீழே குரூரமான ஒரு சிரிப்பும் கொடுத்தேன். அக்கா சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தாள்.

"அவர்தான் வேண்டாம்னு சொன்னாரு. 'மேடம், இது இங்க நிக்காது. ஆறு மணி வரைக்கும் இருங்க, நான் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்'னு ரெண்டு தடவை சொன்னாரு. அவருக்கு மீசையும் கிடையாது."

பொக்லைன்காரரிடம் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் மூன்று: அக்காவுக்குக் காய்ச்சல். "நெருப்பாய்க் கொதித்த நெற்றியோடு, எழுத்துகள் மங்கும் கண்களோடு, நடுங்கும் விரல்களால் அவள் நான்காவது டிக்கைப் போட்டாள்." இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாசகர் இரக்கப்படுவார், கேள்வியும் கேட்க மாட்டார். காய்ச்சலையே வைத்துக்கொண்டேன்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வரைவை முழுதாகப் படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கரையைப் பற்றித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டாள். காய்ச்சலில் நின்றாள்.

"எனக்கு எப்படா காய்ச்சல் வந்துச்சு?"

"கதைக்காகக்கா. ஒரு காரணம் வேணுமில்ல."

"காரணம்தான் இருந்துச்சே. உன் விழாவை எங்க காணோம்?"

சரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான்தான். ஐந்து பகுதி தாங்கியதே பெரிது. சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை ஐந்து மணிக்கு என் முதல் புத்தக வெளியீடு. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் பக்கத்து அறைக் கூட்டத்துக்கு வந்து வழி தவறியவர், மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்தே கூட்டம் வராது என்ற பயத்தில் அக்காவுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அவள், "குவியல் கிடக்குடா. மாத்தி முடிக்க ஆறாயிடும்" என்றாள். நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

"மண்ணு எங்கயும் ஓடிடாதுக்கா. நாலு மணிக்கே கிளம்பிடு."

மழையில் ஓடும் மண்ணைத் துரத்திப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவளிடம் சொன்னேன்.

அவள் வந்தாள். பூட்ஸ் மாற்றக்கூட நேரமில்லாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் என் கதையிலிருந்து உருக்கமான ஒரு பகுதியை வாசித்தேன். நடுவில் கூரைத் தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. அக்கா சட்டென்று எழுந்து வெளியே போனாள். அழுகையை அடக்க முடியாமல் போகிறாள் என்று நினைத்துக் குரலை இன்னும் கொஞ்சம் குழைத்தேன். விழா முடிந்ததும் இரண்டு பேரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் வெளியே நின்று, யாராவது போய்த் தார்ப்பாயாவது போடுங்கள் என்று சைட்டுக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"அப்ப குவியல் இருந்த இடத்தை எழுத வேண்டாம்னு ஏன்க்கா சொன்ன?" என்று கேட்டேன்.

"எங்கன்னு எழுதினா, ஏன் அங்கயே விட்டுட்டுப் போனன்னு கேப்பாங்க. அப்புறம் நீ வருவ. உன் முதல் புத்தகம்டா. அதுல போய் இந்தச் சேறு எதுக்குன்னு நினைச்சேன்."

அவள் காகிதங்களைத் தட்டி ஒழுங்காக்கி மேசையில் வைத்தாள்.

"ஆனா ஒண்ணு. நான் உன்னை மறைக்கிறது வேற. நீயே உன்னை மறைச்சுக்கறது வேற."

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. இதை அழகாகச் சொல்ல ஒரு வழி தேடினேன். தேடியதற்கும் சேர்த்து வெட்கமாக இருக்கிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: அக்கா கடைசிவரை பேசவில்லை. மேல் சைட் ஆள் தன் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிறார். மழை தூறுகிறது. இலக்கியத் தரமான முடிவு. ஆனால் அந்த ஆளுக்கு இலக்கியத்தால் என்ன லாபம்?

இரண்டாம் முடிவு: நான் ஓடோடிப் போய் மீன்காரர் காலில் விழுகிறேன். அக்காவிடம் சொன்னேன். "தொட்டி கழுவிக்கிட்டு இருப்பாரு. வழுக்கும், பாத்து விழு" என்றாள்.

மூன்றாம் முடிவு: போன தொட்டி ஒன்றில் தப்பிய ஒரே ஒரு சின்னக் குஞ்சு, சூரிய ஒளியில் வாலை அசைத்து—

சிரிக்காதீர்கள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் முடிவுகள் மட்டும் கிடந்தன. வரைவைக் காணோம். அக்காவையும் காணோம், வாசலில் அவள் பூட்ஸையும் காணோம்.

சாயங்காலம்தான் திரும்பினாள். காய்ச்சலை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் போன் பேச்சைச் சிவப்புப் பேனாவால் தன் கையாலேயே எழுதினாளாம். நான் எடுத்த இரண்டு சொற்களையும் அவற்றின் இடத்தில் திரும்ப வைத்தாளாம். வரைவை மீன்காரரிடம் கொடுத்து, "படிங்கண்ணே. மண்ணு எங்களோடது. மேல் சைட் ஆள் மேல தப்பில்ல" என்றாளாம். அங்கே நின்றபடியே மேல் சைட்டுக்கும், பிறகு தன் மேலாளருக்கும் போன் செய்து, தாளில் இருப்பது பொய் டிக் என்று சொன்னாளாம். மேலாளர் திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

"மீன்காரர் என்ன சொன்னாரு?"

"மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே உள்ள போயிட்டாரு."

8

இன்று திங்கட்கிழமை.

ஏழு மணிக்குப் படம் வரவில்லை. ஏழரைக்கும் இல்லை. அக்கா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள், பிறகு நிமிர்த்தினாள். எட்டு மணிக்கு ஆள் நேரில் வருவாரோ என்று நான் வாசலைப் பார்த்தேன். எட்டேகாலுக்குப் படம் வந்தது.

அதே கண்ணாடி டம்ளர். தண்ணீர் பளிங்கு என்று பொய் சொல்ல மாட்டேன். அடியில் லேசாக ஒரு மங்கல் இருந்தது. பின்னால் பேப்பர் இல்லை. என் வரைவின் ஒரு பக்கம் இருந்தது. தண்ணீரில் எழுத்து பெரிதாகி, ஒரே ஒரு வரி முழுசாகத் தெரிந்தது. அக்காவின் சிவப்பு எழுத்து, என் வார்த்தைகள்.

"மண்ணு எங்கயும் ஓடிடாதுக்கா. நாலு மணிக்கே கிளம்பிடு."

படத்தோடு ஒரு சொல்கூட வரவில்லை. பார்த்துத்தான் அந்த வரிக்கு முன்னால் டம்ளரை வைத்தாரா, கை போன இடத்தில் வைத்தாரா தெரியவில்லை. மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா என்று நான் பத்து நிமிஷம் ஆராய்ந்தேன். அக்கா ஒரு தடவை பார்த்தாள்.

"பொடி எழுத்தும் தெரியுது" என்றாள்.

இப்போது ஒன்பதரை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீ எதுக்குடா?"

"நாலு மணிக்குக் கிளம்பச் சொன்னது நான்தானே. அதையும் அவங்க கேக்கட்டும்."

"கதையை முடிச்சுட்டியா?"

"இல்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "அலுவலகத்துக்கு முன்னாடி சேறா இருக்கும். செருப்போட வந்து வழுக்கி விழுந்து அதையும் எழுதாத."

ஒரு சைஸ் சின்னது, கட்டைவிரல் மடங்குகிறது. ஆனாலும் மாட்டிக்கொண்டேன். பத்து மணிக்கு அந்த அறையில் என்ன நடக்கும், அவள் வேலை நிற்குமா போகுமா, ஏழு மணிப் படம் நாளைக்கும் வருமா என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடித்து எழுத நேரமும் இல்லை, அவள் கேட்டுக்கு அருகே நின்று கூப்பிடுகிறாள். முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். இன்னும் காயவில்லை, பார்த்துப் பிடியுங்கள். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், மேற்கரையில் மட்டும் வேண்டாம்.